பீர் என்றால் குற்றம், மாத்திரை என்றால் பரவாயில்லை

வட கரோலினாவில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவர் உடம்பில் மது ஒரு துளி கூட மிச்சம் இருக்கக் கூடாது. பர்மிட் இருக்கிறது என்பதெல்லாம் பேச்சில்லை. கார் ஓட்டுபவருக்கு ரத்தத்தில் 0.08 சதவீத மது என்று ஓர் எண் வைத்திருக்கும் மாநிலம், துப்பாக்கிக்கு வந்ததும் பூஜ்யத்தில் நின்றுகொள்கிறது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் அதே வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படிக்க வேண்டும். ரத்தத்தில் இருப்பது மது இல்லாமல், போதை தரக்கூடியவை என்று அரசு வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள ஒரு மருந்தாக இருந்து, அதை முறைப்படி வாங்கி, சிகிச்சைக்கு உரிய அளவில் சாப்பிட்டிருந்தால் குற்றமில்லை. சொந்த இடத்தில் இருந்தாலும் குற்றமில்லை.

இதன் முழு அர்த்தம் எனக்கு உறைத்தது தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு. மருந்துக் கடையில் ஆக்ஸிகோடோன் கொடுத்தார்கள், அந்தப் பட்டியலில் உள்ள வலி மாத்திரை. ஆரஞ்சு நிறக் குப்பி, பிள்ளைகள் திறக்க முடியாத மூடி. ஒற்றைக் கையால் என்னாலும் திறக்க முடியவில்லை, அது வேறு கதை. குப்பியின் பக்கவாட்டில் மஞ்சளும் சிவப்புமாகச் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள்: தூக்கம் வரும், மது சேர்ந்தால் இன்னும் கூடும், வண்டி, இயந்திரம் எதையும் கவனமாகக் கையாளவும். மாத்திரை உள்ளே போய் அரை மணி நேரத்தில் வலி எங்கோ பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கூடவே நானும். மனைவி “ரசம் ஊத்தவா?” என்று கேட்டால், கேள்வி வந்து சேர்ந்து, புரிந்து, பதில் கிளம்புவதற்குள் அவள் ஊற்றி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள்.

அந்த நிலையில் நான் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருந்தால், நான் வாசிக்கிற வரையில் இந்தப் பிரிவு என்னைத் தொடாது. இரவுச் சாப்பாட்டோடு அரை டம்ளர் பீர் குடித்துவிட்டு முழு நிதானத்தில் போயிருந்தால் தொடும்.

“உனக்கு எதற்குத் துப்பாக்கி?” என்று ஊரிலிருந்து கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் காரணம் இல்லை, பொழுதுபோக்குதான். ஹெச்-1பி விசாவில் இருக்கும்போது துப்பாக்கியைத் தொடுவதே பொதுவாகக் குற்றம். ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை விலகும். இதனாலேயே மானையோ வாத்தையோ வாழ்நாளில் குறி பார்க்காத நம்மவர்கள் சிலர், சுடுதளத்துக்குப் போவதற்காக வேட்டை உரிமம் எடுத்து வைத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. கிரீன் கார்டு வந்தபின் வகுப்புக்குப் போய், ஷெரிஃப் ஆபீஸில் கைரேகை கொடுத்து, பர்மிட்டும் வாங்கினேன்.

எங்கள் பக்கத்து நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர், எங்கே போனாலும் துப்பாக்கியோடுதான் போவார். வீட்டு விசேஷம், பாட்லக் என்று கூடும்போது மற்றவர்கள் பாட்டில் திறந்தால் அவர் கையில் மோர் டம்ளர் இருக்கும். “இன்னைக்கு நமக்கு மோர்தாங்ண்ணா” என்று சொன்னால், இடுப்பில் இருக்கிறது என்று பொருள். குடிக்க நினைத்த அன்று துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு வருவார். பூஜ்யம் என்ற விதி இவரைப் போன்றவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது, காரணம் அது எளிமையானது. எத்தனை டம்ளர், எத்தனை மணி நேரம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். மாத்திரை விஷயத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. “சிகிச்சைக்கு உரிய அளவு” என்பது டாக்டர் எழுதிய அளவு. எழுதிய அளவிலேயே தலை சுற்றும் என்பதால்தானே அந்த ஸ்டிக்கர்?

ஃபெடரல் சட்டத்துக்கு, அதாவது நாடு முழுமைக்குமான சட்டத்துக்குப் போனால் கோணல் இன்னும் கூடுகிறது. யார் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு; அதன் வேர் 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள போதைப் பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவரும் அதற்கு அடிமையானவரும் அதில் வருகிறார்கள். மீறினால் 15 வருடம் வரை சிறை; 2022-க்கு முன் இது 10 வருடமாக இருந்தது. இதில் குடிகாரர் வரவே மாட்டார். போதைப் பொருள் சட்டத்தின் வரையறையிலேயே சாராயம், ஒயின், பீர், புகையிலை நான்கையும் பெயர் சொல்லி வெளியே நிறுத்திவிட்டார்கள். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற படிவத்தில் கஞ்சா பற்றிக் கேள்வி உண்டு. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் அது சட்டப்படி சரியென்றாலும் ஃபெடரல் சட்டத்தில் குற்றமே என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கையும் உண்டு. தினம் ஒரு புட்டி விஸ்கி குடிப்பீர்களா என்று எந்தக் கட்டத்திலும் கேட்க மாட்டார்கள். மதுவிலக்கை அரசியலமைப்பிலேயே எழுதி, 1933-ல் அதை அழித்த நாடு இது. திரும்ப அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க யாருக்கும் ஆசை இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இந்தப் படிவத்தில் மாட்டிக்கொண்டவர்களில் உலகத்துக்கே தெரிந்தவர் ஹண்டர் பைடன், முன்னாள் ஜனாதிபதி ஜோ பைடனின் மகன். 2018 அக்டோபரில் டெலவேரில் ஒரு கோல்ட் கோப்ரா ரிவால்வர் வாங்கியபோது, போதைப் பழக்கம் இல்லை என்று குறித்தார். ரிவால்வர் அவரிடம் இருந்தது 11 நாள்தான். 2024 ஜூனில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது; டிசம்பரில் அப்பா மன்னிப்பு கொடுத்துவிட்டார். அரசியல் சத்தத்தில் ஒரு சின்ன விஷயம் காணாமல் போனது. அவருடைய பிரச்சினை கொக்கெய்ன் இல்லாமல் வெறும் குடியாக மட்டும் இருந்திருந்தால், அந்தப் படிவத்தில் அவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது.

மருத்துவக் கஞ்சாவின் கதைதான் இதில் வேடிக்கை. வேடிக்கை என்றால் மாட்டியவருக்கு இல்லை. டாக்டர் சொன்னபடி சாப்பிடுபவர் ‘சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவர்’ ஆக மாட்டார் என்று விதி எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆக்ஸிகோடோன் சாப்பிடும் நான் தப்பித்தேன். ஆனால் கஞ்சா நீண்ட காலமாக ஃபெடரல் பட்டியலின் முதல் அட்டவணையில், மருத்துவப் பயன் இல்லாதவை என்ற வரிசையில், போடப்பட்ட பொருள். அதை எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் எழுத முடியாது, பரிந்துரை மட்டும் செய்யலாம். நெவாடாவில் ஒரு பெண்மணி மாநில அரசு கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருந்தார். 2011-ல் துப்பாக்கி வாங்கப் போனபோது, அட்டை இருப்பது கடைக்காரருக்குத் தெரியும் என்பதால் விற்க மறுத்துவிட்டார்கள். அவர் கஞ்சா புகைத்தாரா என்பது கேள்வியே இல்லை, அட்டை போதும். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் 2016-ல் அந்த மறுப்பு சரிதான் என்றது.

2022-ல் காற்று மாறியது. ப்ரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்று சொன்னது. அப்புறம் என்ன, நாடு முழுக்க வக்கீல்கள் பழைய சட்டப் புத்தகங்களின் தூசி தட்ட ஆரம்பித்தார்கள். அதில் கிடைத்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1655-ல் வர்ஜீனியாவில், குடித்துக் கூத்தடிக்கும்போது துப்பாக்கி சுடக் கூடாது என்று ஒரு சட்டம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு! பூர்வகுடிகள் தாக்க வந்தால் ஊருக்கு எச்சரிக்கை கொடுக்க வெடிச்சத்தம்தான் வழி. குடிகாரர்கள் சும்மா சுட்டுக்கொண்டிருந்தால் எது ஆபத்து, எது ஆட்டம் என்று யாருக்குத் தெரியும்? உயிரைவிட வெடிமருந்தும் சத்தமும் வீணாகிற கவலைதான் அதில் தெரிகிறது. 1867-ல் கன்சாஸ், 1883-ல் விஸ்கான்சின் என்று பிற்காலச் சட்டங்களும் கிடைத்தன. போதையில் இருக்கும்போது ஆயுதத்தோடு நடமாடாதே என்பது அவற்றின் சாரம்.

இந்தப் பழைய சட்டங்களை வைத்துத்தான் ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றம் 2023-ல் மிசிசிப்பி வழக்கு ஒன்றைத் திருப்பிப் போட்டது. ஒருவருடைய காரைச் சாதாரணமாகத்தான் போலீஸ் நிறுத்தியது. காரில் புகைத்துப் போட்ட கஞ்சாத் துண்டுகள், குண்டு நிரப்பிய துப்பாக்கிகள் இரண்டு. மாதத்தில் சுமார் பதினான்கு நாள் புகைப்பேன் என்று அவரே சொன்னார். அந்த நேரத்தில் அவர் போதையில் இருந்தாரா என்று யாரும் சோதிக்கவில்லை. ஏறக்குறைய நான்கு வருடச் சிறை விதித்திருந்தார்கள். மேல்முறையீட்டில் நீதிபதிகள் சொன்னதன் சுருக்கம் இது: போதையில் இருப்பவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்க வரலாறு இடம் கொடுக்கிறது, வேறொரு நாள் புகைத்தான் என்பதற்காக நிதானத்தில் இருப்பவனிடமிருந்து பிடுங்க இடம் கொடுக்கவில்லை. வழக்கு அதோடு முடியவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. இதே கேள்வியைக் கிளப்பும் டெக்சாஸ் வழக்கு ஒன்றை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

நான் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்கிற கட்சி, ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றத்தின் பல தீர்ப்புகள் எனக்கு ஒத்துவராது. ஆனால் இந்த இடத்தில் அவர்கள் கேட்ட கேள்வி சரி. துப்பாக்கி கையில் இருக்கும் அந்த நேரத்தில் ஆள் எப்படி இருக்கிறான்? அமெரிக்கச் சட்டத்தின் பெரும்பகுதி இதைக் கேட்பதில்லை. உள்ளே போன பொருள் எந்தக் கடையில் வாங்கியது, யார் கையெழுத்தோடு வாங்கியது என்றுதான் கேட்கிறது.

மாநிலங்களில் சில இந்தக் கேள்வியை நேராகவே கேட்கின்றன. ஓஹாயோவில் மதுவின் பாதிப்பிலோ போதை மருந்தின் பாதிப்பிலோ இருக்கும்போது துப்பாக்கியை எடுத்துச் செல்வதும் பயன்படுத்துவதும் குற்றம். சொந்த வீடு என்ற விலக்கெல்லாம் இல்லை. 2018 பிப்ரவரியில் விடிகாலை நாலு மணிவாக்கில் ஒரு பெண் 911-ஐ அழைத்தார். கணவர் குடித்திருக்கிறார், கையில் துப்பாக்கி. போலீஸ் போனபோது, துப்பாக்கியை வைத்துவிட்டார், இப்போது பிரச்சினை இல்லை என்றார் மனைவி. அந்தச் சமயத்தில் கணவர் கையில் ஷாட்கன்னோடு வாசல் பக்கம் வந்தார். குழல் தரையைப் பார்த்திருந்தது, உள்ளே குண்டு இல்லை. துடைப்பதற்காகக் குண்டை எடுத்துக்கொண்டிருந்தேன் என்றார். குடித்திருக்கிறேன் என்று அவரே பலமுறை சொன்னார். குற்றவாளி என்று தீர்ப்பாகித் தண்டனையும் கிடைத்தது. என் வீடு, என் துப்பாக்கி, அரசியலமைப்பு கொடுத்த உரிமை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2020 டிசம்பரில் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பை எங்கள் கூட்டத்தில் பேசும்போது எப்போதும் இரண்டு கட்சி. குண்டில்லாத துப்பாக்கியை வீட்டுக்குள் வைத்திருந்தவனைத் தண்டிப்பதா என்பது ஒன்று. நாலு மணிக்குப் போலீஸை அழைத்த பெண்ணின் இடத்திலிருந்து பார் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. குண்டு இல்லை என்று அந்த வாசலில் நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் மேற்கு எல்லையைத் தாண்டினால் டென்னசி. அங்கே பர்மிட் வைத்திருப்பவர்கள் மதுபானம் பரிமாறும் உணவகங்களுக்குத் துப்பாக்கியோடு போகலாம், குடிக்கக் கூடாது என்று 2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஆளுநர் ஃபில் பிரெடெசன் வீட்டோ போட்டார்; சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. மசோதாவை முன்னின்று நடத்திய உறுப்பினர்களில் ஒருவர் கரி டாட். 2011 அக்டோபரில் நாஷ்வில்லில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக அவரைப் பிடித்தபோது, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் குண்டு நிரப்பிய .38 துப்பாக்கி இருந்தது. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 48 மணி நேரம் சிறையில் இருந்தார். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பொறுப்பானவர்கள், குடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய சட்டம் அது. கட்டியவரே இப்படி.

மிச்சிகன் எண்ணில் பேசும் மாநிலம். மறைத்து எடுத்துச் செல்பவருக்கு 0.02-லிருந்தே தண்டனை ஆரம்பம், 0.10-ஐத் தொட்டால் உரிமம் நிரந்தரமாகப் போகும். பென்சில்வேனியா ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை குடித்து வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரைத் துப்பாக்கி வாங்கவிடாமல் நிறுத்துகிறது. மது அடிமையை ஃபெடரல் சட்டம் பார்க்க மறுத்த இடத்தில் இது ஒரு நல்ல ஓட்டை அடைப்பு.

ஆனால் வரையறை என்று பார்த்தால், யாரும் எதிர்பார்க்காத டெக்சாஸ்தான் எனக்குப் பிடித்தது. மதுவோ, பட்டியல் மருந்தோ, பட்டியலில் இல்லாத மருந்தோ, இவற்றின் கலவையோ, வேறு எந்தப் பொருளோ உடம்பில் போய், மனமோ உடலோ வழக்கம்போல வேலை செய்யாமல் போனால் அது போதை. மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கவே இல்லை பாருங்கள். 2021-ல் பர்மிட்டே வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டபோது, போதையில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது குற்றம் என்று இந்த வரையறையைத்தான் பொருத்தினார்கள். பொருத்திவிட்டு, சொந்த வீட்டிலும் சொந்த வண்டியிலும் அது செல்லாது என்று விலக்கும் கொடுத்தார்கள். டெக்சாஸ் டெக்சாஸ்தான்.

அந்த ‘வேறு எந்தப் பொருளோ’ என்ற மூன்று சொல் சும்மா இல்லை. சளிக்கும் அரிப்புக்கும் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கும் பெனட்ரில் எந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இல்லை. அதில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமைனைக் கொடுத்து அயோவா பல்கலைக்கழகத்தில் ஆட்களைக் கார் ஓட்டும் பாவனைக் கருவியில் உட்கார வைத்தார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், ரத்தத்தில் சுமார் 0.1 அளவுக்கு மது ஏற்றியபோது ஓட்டியதைவிட இந்த மருந்தில் மோசமாக ஓட்டினார்கள். தூக்க மாத்திரை சோல்பிடெம் இன்னொரு ரகம். இரவு போட்டது காலையிலும் விடாது என்பதால், பெண்களுக்கான அளவைப் பாதியாக்கச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2013-ல். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, கார் எடுத்துக்கொண்டு போவது என்று புகார்கள் வந்து, 2019-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தார்கள். அந்த அறிவிப்பில் எஃப்டிஏ பட்டியலிட்ட காயங்களில் விழுந்தது, தீக்காயம், கார் விபத்து இவற்றோடு துப்பாக்கிக் காயமும் இருக்கிறது. வட கரோலினா சட்டத்தின்படி சோல்பிடெம் என்பது சீட்டோடு வாங்கி, சொன்ன அளவில் சாப்பிட்ட மருந்து. தீர்ந்தது விஷயம்.

இதில் நான் அதிகம் கவலைப்படுவது கடைவீதியைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றித்தான். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மிசௌரியில் ஒருவர் மனைவியோடு சண்டை போட்டு, சாகப் போகிறேன் என்று சொல்லி மாத்திரைகளை விழுங்கிவிட்டார். போலீஸ் வந்தபோது நாற்காலியில் நினைவில்லாமல் கிடந்தார், உடுப்பின் பையில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி. வீட்டுக்குள் இருந்தவரைத் தண்டிக்க முடியாது என்று கீழ்க் கோர்ட் தள்ளுபடி செய்தது. 2009-ல் மாநில உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. பிற்பாடு சட்டமன்றம் உட்கார்ந்து, போதையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, அலட்சியமாகவோ சட்டவிரோதமாகவோ கையாண்டாலோ சுட்டாலோதான் குற்றம் என்று சட்டத்தையே மாற்றிவிட்டது. அந்த வீட்டில் அன்று நடக்காமல் போனது எது என்று யாராவது யோசித்தார்களா தெரியவில்லை.

சரி, சட்டம் சொல்லவில்லை, வேறு யார் சொல்வார்கள்? மருந்துக் கடை ஸ்டிக்கரில் வண்டி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, துப்பாக்கி இல்லை. சுடுதளத்தில் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் தாளில் மது, போதை, மயக்கம் தரும் மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று ஒரு வரி உண்டு, கவுண்டர்காரர் முகத்தையும் பார்ப்பார். ஆனால் சுடுதளத்துக்கு வருபவன் எப்படியும் நாலு பேர் நடுவில்தான் நிற்கப் போகிறான்.

டாக்டர் கேட்கலாம். ஆனால் ஃப்ளோரிடாவில் 2011-ல் ஒரு சட்டமே போட்டார்கள், சிகிச்சைக்குத் தொடர்பில்லாமல் நோயாளியிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று டாக்டர்கள் விசாரிக்கக் கூடாது என்று. டாக்டர்கள் வழக்குப் போட, பேச்சுரிமையின் பேரில் பதினோராவது சர்க்யூட் நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் அதன் முக்கியப் பகுதிகளை அடித்துவிட்டது. எங்கள் மாநிலத்தில் அப்படித் தடை எதுவும் என் டாக்டருக்கு இல்லை. இருந்தும் தையல் பிரிக்கப் போன அன்று, கார் ஓட்டுகிறாயா, லேப்டாப் தூக்குகிறாயா, படி ஏறுகிறாயா என்று வரிசையாகக் கேட்டவர் இதை மட்டும் கேட்கவில்லை. நானே சொன்னேன். ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மாத்திரை நிறுத்தும் வரை காருக்குச் சொன்னதுதான் அதற்கும்” என்றார். தட்டச்சு செய்தார். வீட்டுக்கு வந்து அச்சிட்டுக் கொடுத்த தாளைப் படித்தால் காரும் லேப்டாப்பும் இருந்தன, அது இல்லை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது.